அண்ணனின் மூக்கில் நடந்தது

கொரோனா எங்கள் தோட்டத்து லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு வந்தபோது அண்ணனுக்கும் எனக்கும் ஒரே நாளில்தான் காய்ச்சல் கண்டது. ஒரே வீட்டில் அடைந்து கிடந்தோம், ஒரே கொத்தமல்லித் தண்ணீரைக் குடித்தோம். எனக்கு இருமல் வாரக்கணக்கில் இழுத்தது. அவர் ஒருமுறைகூட இருமவில்லை. ஆனால் மணம் போய்விட்டது. கற்பூரத்தை அவர் மூக்கருகே பிடித்துப் பார்த்தேன்.

“குளுகுளுன்னு இருக்கு. வாசம் மட்டும் வரல” என்றார்.

மற்றவர்களுக்கு அது சில நாள் தொல்லை. அண்ணனுக்கோ மூக்குதான் பிழைப்பு. தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், அரைத்த கொழுந்து பரப்பிய மேசையருகே நிற்பவர் அவர். காற்றுப் படப்படப் பச்சை வாடை போய்ப் பழுத்த மணம் எழும். அந்த நேரம் பார்த்து அடுப்புக்கு அனுப்ப வேண்டும். பிந்தினால் தேயிலை சப்பென்று ஆகிவிடும். தனிமைப்படுத்தல் முடிந்து வேலைக்குப் போனவர், முதல் நாளே தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டார். அவரைக் கொழுந்து வாட்டும் மேல்மாடிக்கு மாற்றினார்கள். அதன்பிறகு வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். உடம்பின் கலங்களின், அதாவது செல்களின், மேற்பரப்பில் ‘வாங்கிகள்’ என்ற புரதங்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றைத் தன் முள்ளால் பற்றிக்கொண்டுதான் இந்த வைரஸ் உள்ளே நுழைகிறது என்று வாசித்திருந்தேன். அப்படியானால் மணத்தை உணரும் நரம்புக் கலங்களையே அது தின்றுவிட்டதா? நரம்பு அழிந்தால் திரும்ப வருமா? கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

பஸ்கள் ஓடத் தொடங்கியதும் அண்ணனைப் பதுளைக்கு, மூக்கு, தொண்டை பார்க்கும் டொக்டரிடம் கூட்டிப் போனேன். எங்களைவிட வயதில் இளைய பெண். நான் ஆசிரியை என்றதும் ஒரு தாளை எடுத்துப் படம் போட ஆரம்பித்தார்.

“மணத்த உணருற நரம்புக் கலத்துல அந்த வாங்கி இல்லேன்னுதான் இப்ப தெரியுது டீச்சர். சுத்தி நின்னு அதத் தாங்குற கலங்கள்லதான் இருக்கு. வைரஸ் புகுந்தது அதுலதான்.”

தாங்கும் கலங்கள் கெட்டால் நரம்பும் வேலை செய்யாமல் நின்றுவிடும், ஆனால் அவை மறுபடி வளரக்கூடியவை, அதனால்தான் பலருக்கு மணம் திரும்புகிறது என்று விளக்கினார். எல்லாருக்கும் திரும்பும் என்று அவர் சொல்லவில்லை.

அதுவரை தலைகுனிந்திருந்த அண்ணன் படத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

“அந்த வாங்கி நம்ம உடம்புல எதுக்குங்க இருக்கு? இந்த வைரசுக்கு எடம் குடுக்கவா?”

டொக்டர் சிரித்துவிட்டார். இரத்த அழுத்தம் ஏறாமல் பார்த்துக்கொள்வதில் அதற்குப் பங்குண்டு என்றும், இருதயம், சிறுநீரகம், குடல் எங்கும் அது இருக்கிறதென்றும், ஏற்கெனவே நமக்காக இருந்ததை வைரஸ் பயன்படுத்திக்கொண்டது என்றும் சொன்னார். ஒரே வீட்டில் எனக்கு ஏன் மணம் போகவில்லை என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் அந்த வாங்கியின் அளவு வேறுபடலாம், உடம்பு எதிர்த்து நிற்கும் விதமும் வேறுபடலாம், உறுதியாகத் தெரியாது என்றார். தெரியாது என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

திரும்பும் பஸ்ஸில், ஹாலிஎல தாண்டும்வரை அண்ணன் கேள்வியாகக் கேட்டுக்கொண்டு வந்தார். பாதிக்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை.

டொக்டர் சொன்னபடி கராம்பு, எலுமிச்சைத் தோல், கோப்பித்தூள் என்று தினமும் முகர்ந்து பழகினார். முதலில் வந்தது கோணல் மணம்தான். வெங்காயம் தாளித்தால் டயர் எரிகிறது என்று வெளியே ஓடுவார். மழைக்காலம் ஒன்று போனது. ஒரு மாலை வாசலில் நின்றவர் சட்டென்று திரும்பினார்.

“யாரோ கருவாடு பொரிக்கிறாங்க.”

நான் லயத்தில் அடுத்த வீட்டுக் காம்பராவுக்குப் போய்க் கேட்டேன். பொரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பிறகு தொழிற்சாலையில் அந்தக் கொழுந்து மேசையருகே திரும்பிவிட்டார். வெங்காயம் மட்டும் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. அது ஏன் என்று இருவரும் இப்போதும் பேசிக்கொள்கிறோம்.