ஊர்வலக் காரின் மூன்றாவது கேமரா

அன்று அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர். பாக்கியநாதனாகிய நான். என் மனைவி ஆரோக்கியமேரி. மகன் ஜெரால்ட். மருமகள் கிறிஸ்டினா. கேமரா பொருத்த ஆரணியிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் மோகன்ராஜ். யாரும் குடித்திருக்கவில்லை. யாருக்கும் தூக்கக் கலக்கம் இல்லை. நேரம் மாலை ஆறேகால். நம்பாதவர்கள் கும்மிடிப்பூண்டிக்கு வந்து ஐந்து பேரையும் தனித்தனியாக விசாரிக்கலாம். ஒரே பதில்தான் வரும்.

ஜெரால்டிடம் துணிக் கூரை வைத்த கார் ஒன்று இருக்கிறது. கூரையை மடக்கினால் திறந்த கார். கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு ஓட்டுகிறான். பூ அலங்காரம் செய்யும்போது பத்துப் பேராவது உள்ளே கை விடுவார்கள். கூரை இல்லாத காரில் கதவைப் பூட்டி என்ன பயன்? முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த டேஷ் கேமரா இரண்டு முறை அப்படித்தான் களவு போனது.

இரண்டாவது கேமரா போன அன்றைக்கே, ஒரு மணப்பெண்ணின் கைச்சங்கிலியும் காணாமல் போனது. "இது ஊர்வலத்துக்கு வந்த காரா, நகை பொறுக்க வந்த காரா?" என்று பெண்ணின் மாமன் மண்டப வாசலில் கேட்டான். எல்லோரும் பார்க்க ஜெரால்டின் சட்டைப்பையில் கை விட்டுத் தேடினார்கள். ஒன்றும் இல்லை. ஆனால் அவன் எடுக்கவில்லை என்று காட்ட எங்களிடம் படமும் இல்லை.

எங்கள் குடும்பத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்காத முதல் ஆள் நான். இரும்பு மில்லில் முப்பத்தொரு வருடம் வேலை. அதில் பதினான்கு வருடம் ஷிப்ட் ஃபோர்மேன். என் மகனின் பையைத் தடவிப் பார்க்க எவனுக்கும் உரிமை கிடையாது. அடுத்த கேமராவை நானே தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்தேன்.

கடையில் ஏழெட்டு வகை காட்டினார்கள். ரப்பர் கிண்ணத்தை அழுத்தி ஒட்டும் வகை ஒரு இழுப்பில் கையோடு வந்துவிடும். டேப் வைத்து ஒட்டுவது, திறந்த காரில் எங்கள் ஊர் வெயிலுக்கு ஒரு மாதம்கூடத் தாங்காது. பெரிய திரை இருந்தால் தூரத்திலிருந்தே திருடன் கண்ணில் படும். கடைசியில் கட்டைவிரல் அளவு உள்ள ஒன்றை எடுத்தேன். திரை கிடையாது. உள்கண்ணாடிக்குப் பின்னால் இரும்புச் சட்டத்தில் நிற்கும். சாதாரண ஸ்க்ரூடிரைவர் அதன் திருகில் நுழையாது. முன்னால் சாலையையும் பார்க்கும், காருக்கு உள்ளேயும் பார்க்கும். பேச்சும் பதிவாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, கார் லேசாக அசைந்தாலே, அதில் போடும் சிம் கார்டு வழியாகப் படம் அந்தக் கணமே என்னுடைய, ஜெரால்டுடைய, கிறிஸ்டினாவுடைய மூன்று போன்களுக்கும் போய்விடும். கேமராவைப் பிடுங்கினாலும் படத்தைப் பிடுங்க முடியாது. ஒருவர் அழித்தாலும் மற்ற இருவரிடம் இருக்கும்.

"இவ்ளோ காபந்தா நைனா?" என்றார் மோகன்ராஜ், திருகை முடுக்கிக்கொண்டே. "அடுத்து இந்தக் கேமராவைப் பாத்துக்க ஒரு கேமரா வெக்கச் சொல்லுவீங்க போல."

"வேலையைப் பார்" என்றேன்.

நவம்பர் பதினான்கு, வியாழக்கிழமை. 6.10-க்கு மழை பிடித்தது. கூரையை இழுத்து மூடிவிட்டு மற்ற நால்வரும் வீட்டு வாசலுக்கு ஓடினார்கள்.

"இன்னாங்க, டீ ஆறிப்போவுது, வாங்க" என்று ஆரோக்கியமேரி கூப்பிட்டாள்.

நான் போகவில்லை. டிரைவர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தேன். புதுப் பொருளை அரைகுறையாக விட்டுவிட்டு எழுந்து போகிற பழக்கம் எனக்கில்லை.

பத்தடி தூரத்தில் வாசல் விளக்கு. நால்வரும் டீ குடிப்பது முன்கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

6.14. டிக்... டிக்... என்று ஒரு சத்தம். தகரத்தில் இரும்பு தட்டும் சத்தம். மழை என்று நினைத்தேன். மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது. இது எனக்குப் பின்னால் கேட்டது.

பிறகு வாசனை. கிரீஸும் சுட்ட இரும்பும் கலந்த வாசனை. ஓய்வு பெற்ற பிறகு நான் முகர்ந்திராத வாசனை.

6.15. கார் லேசாகத் தாழ்ந்தது. பின் சீட்டில் ஓர் ஆள் ஏறி உட்கார்ந்தால் தாழ்வதைப் போல.

நான் திரும்பவில்லை.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை...

"சார்."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். பரசுராமன். என் ஷிப்டில் இருந்த ஃபிட்டர். 2011-இல் இறந்துவிட்டார்.

மில்லில் ஒரு விதி உண்டு. பழுது பார்க்க இயந்திரத்துக்குள் இறங்குபவர், மெயின் சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய தகர அட்டையை மாட்ட வேண்டும். சாவி அவர் பையில் இருக்கும். அவர் வெளியே வந்து திறக்கும்வரை வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. பரசுராமன் உள்ளே இருந்தபோது இயந்திரம் ஓடியது. அவர் பூட்டுப் போடவில்லை என்று அறிக்கை எழுதப்பட்டது. அதில் கையெழுத்துப் போட்டவன் நான்.

"சாவி என் பாக்கெட்லதான் கீது சார்."

டிக்... டிக்...

"பூட்டு எங்க சார்?"

நான் வாயே திறக்கவில்லை. வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொல்வேன்.

6.17.

வாசலில் இரண்டு போன்கள் ஒரே நேரத்தில் ஒலித்தன. என் பையில் இருந்ததும் ஒலித்தது.

ஜெரால்ட் பார்த்தான். கிறிஸ்டினா பார்த்தாள். ஆரோக்கியமேரி எட்டிப் பார்த்தாள்.

பிறகு மூவரும் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

கார் மெல்ல மேலெழும்பியது.

நான் இறங்கி மழையில் நடந்து வாசலுக்குப் போனேன். மீதியை நாளைக்குப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு மோகன்ராஜ் கிளம்பிப் போனார். ஜெரால்ட் போனை நீட்டினான்.

நாற்பது விநாடிப் படம். நான் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். பின் சீட்டில் யாரும் இல்லை. ஆனால் சீட்டின் மெத்தை அமுங்கியிருக்கிறது. "பூட்டு எங்க சார்?" என்று கேட்கிறது. அதற்குப் பதிலும் கேட்கிறது. என் உதடுகள் அசையவில்லை. குரல் என்னுடையது.

"வெட்டிட்டேன் பரசு. நீ ஊட்டுக்குப் போய்ட்டேன்னு நெனச்சேன்."

"அழிச்சிடலாம்பா" என்றான் ஜெரால்ட். "நம்ம மூணு பேர்கிட்டதான கீது."

கிறிஸ்டினா தன் போனைக் கொடுக்கவில்லை. "அவரு பொண்டாட்டி உயிரோட கீறாங்களா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"செல்வி. சோழவரத்துல கீறா" என்று ஆரோக்கியமேரிதான் பதில் சொன்னாள். அவளுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

மறுநாள் காலை மோகன்ராஜ் மீதி வேலையை முடிக்க வந்தார். நாங்கள் படத்தைக் காட்டினோம். அவர் போய்க் காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கவரை எடுத்தார். பிரிக்காத சிம் கார்டு.

"சிம்மு இன்னும் போடவே இல்ல நைனா. மழை வந்துச்சேன்னு கரண்ட் ஒயரும் குடுக்கல. தோ பாருங்க, தொங்கினு கீது. அதுக்குள்ள பேட்டரியும் கெடையாது. வெயில்ல வீங்கிடும்னு கடைக்காரர் அந்த மாடலே குடுக்கல."

கூலி வாங்காமல் போய்விட்டார். கேமரா அதே இடத்தில் இருக்கிறது. ஜெரால்ட் அதன் மேல் கறுப்புத் துணி சுற்றியிருக்கிறான். கிறிஸ்டினா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். இதை எழுத வேண்டாம் என்று மகன் மூன்று முறை சொல்லிவிட்டான். குடும்பப் பெயரைக் காப்பது என் பொறுப்பு, உன் பொறுப்பு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பரசுராமன் குடித்துவிட்டு வந்தார், பூட்டுப் போடாமல் உள்ளே இறங்கினார் என்று மில் வாசல் டீக்கடையில் இன்றும் சொல்கிறார்கள். அது உண்மையல்ல. அவர் குடிக்கிறவர் இல்லை. பூட்டுப் போட்டிருந்தார், அட்டையும் மாட்டியிருந்தார். கட்டர் கொண்டு அந்தப் பூட்டை வெட்டியவன் நான்.