கொதிக்காத வண்டி

ராஜராஜன் என்னை முதன்முதலில் அடித்தது அரியலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில். டீயில் ஈ கிடந்தது என்று கடைக்காரர் சட்டையைப் பிடித்தான். முன்பின் தெரியாத நான் நடுவில் புகுந்தேன். அவருக்கு ஓங்கிய அடி என் வாயில் விழுந்து கீழ்ப்பல் ஒன்று போனது. அடுத்த நிமிஷம் அவனே என்னைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். எங்கள் இருபத்திரண்டு வருஷ சிநேகிதம் அப்படி ஆரம்பித்ததுதான். கேட்கக் கேவலமாக இருக்கிறதா? இருக்கட்டும், அதுதான் நடந்தது.

நான் மணிவேல். அரியலூரில் பெரம்பலூர் ரோட்டோரம் ஷெட் போட்டு வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறேன். ராஜராஜன் அப்போது சுண்ணாம்புக்கல் குவாரியில் டம்பர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவன் காட்டில் கூலிக்குக் குனிந்தே காலம் போனவர்கள். நான் எவனுக்கும் குனிய மாட்டேன் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவன் இவன். அது நல்ல பேச்சுதான். ஆனால் குவாரியில் ஒரு மேஸ்திரி, வயசான ஆள் ஒருத்தரை லேட்டாக வந்ததற்குக் கெட்ட வார்த்தையில் திட்டினார் என்று வீல் ஸ்பேனரால் அந்த மேஸ்திரியின் தோள்பட்டையை உடைத்தான். திட்டு வாங்கிய கிழவர் அடுத்த நாளும் வேலைக்குப் போனார். இவனுக்குத்தான் வேலை போனது.

பிறகு ஒரு பழைய டீசல் வண்டி வாங்கினான். ஏழு சீட், ஜீப் மாதிரி உயரம், ஏற்கெனவே மூன்று கை மாறியது. கல்யாணம், காதுகுத்து, கோயில், ஆஸ்பத்திரி என்று வாடகைக்கு ஓட்டினான். பிரசவம் என்றால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த வண்டிக்கு ஒரு வியாதி. நின்று நின்று போனால் கொதிக்கும். எங்கள் ரோட்டில் சிமெண்டு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகாமல் எங்கே போக முடியும்? ரேடியேட்டர் பூராவும் வெள்ளைத் தூசி அப்பிக்கிடக்கும். இன்ஜின் பெல்ட்டில் ஓடும் இரும்பு ஃபேன், வண்டி மெதுவாகப் போனால் அதுவும் சோம்பிச் சுற்றும். ஹீட் மீட்டர் முள் சிவப்புக்கு ஏறும். முள் ஏறினால் இவனுக்கும் ஏறும். அப்போது கைக்கு எட்டியவன் செத்தான். ஒரு லாரி கிளீனருக்குக் காது கிழிந்தது. பெட்ரோல் பங்க் ஆள் ஒருத்தருக்கு மூக்கு உடைந்தது. நான் வாங்கியதற்குக் கணக்கே இல்லை. "வண்டி சூடாயிருச்சுடா, அதான்" என்பான் மறுநாள். நாங்களும் ஆமாம், பாவம், வண்டி சூடாகிவிட்டது என்போம். எங்களையெல்லாம் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவன் பெண்டாட்டி பரிமளாவுக்குச் சொந்த ஊர் வேப்பந்தட்டை. பிள்ளை இல்லை, அதற்கும் அடி வாங்கியவள் அவள்தான். இரண்டு தடவை அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு தடவையும் திரும்பி வந்தாள். போன சித்திரையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மூன்று பேரும் வந்துகொண்டிருந்தோம். குன்னம் தாண்டியதும் வண்டி கொதித்து நின்றது. பரிமளா இறங்கி முந்தானையால் விசிறிக்கொண்டே, "கல்யாண வூட்டுலயே தண்ணி பாத்திருக்கலாம்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவன் கையில் வீல் ஸ்பேனர் இருந்தது. அது அவள் இடது மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தேன், பார்த்துவிட்டு மறுபடியும் தண்ணீர் ஊற்றினேன். இதைச் சொல்லும்போது என் மூஞ்சியில் நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவள் மூன்றாம் தடவையாக வேப்பந்தட்டைக்குப் போனாள். இவன் நாலு மாசம் பைத்தியம் மாதிரி அலைந்தான். சோறு இறங்கவில்லை. கடைசியில் அவள் அம்மா பாப்பாயியின் காலில் விழுந்து, செட்டிகுளம் மலையில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணுகிறேன் என்று ஏற்பாடு செய்தான். முருகன் முன்னால் பரிமளா நின்றாள், பாப்பாயி நின்றார், பரிமளாவின் தம்பி அறிவரசன் நின்றான். அறிவரசனுக்கு டிராக்டர் ரிப்பேர் வேலை. ராஜராஜன் எரிகிற சூடத்தில் உள்ளங்கையை வைத்து அணைத்தான்.

"முருகன் சத்தியமா சொல்றேன். வண்டி சூடாவாத வரைக்கும் இவ மேலன்னு இல்ல, எவன் மேலயும் கை வைக்க மாட்டேன்."

அறிவரசன் தலையில் அடித்துக்கொண்டான். "என்ன மாமா இது, வாரண்டி கார்டு மாதிரி சத்தியம் பண்றீங்க?"

"நடக்குறதத்தான சொல்ல முடியும் மச்சான்? வண்டி கொதிச்சா நான் என் வசத்துல இல்ல" என்றான் இவன். மனசாரத்தான் சொன்னான். அவன் அதை நம்பினான்.

பாப்பாயி, "சூடம் அணைச்சவன் பொய் சொல்ல மாட்டான்டா. வண்டிதான, சரி பண்ணட்டும்" என்றார்.

பரிமளா வளைந்து ஒட்டிய மணிக்கட்டைத் தடவிக்கொண்டே அவனைப் பார்த்தாள். "சரிங்க. வண்டிதான் காரணம்னா வண்டிய சரி பண்ணிட்டு வாங்க. தம்பி பாத்து சரின்னு சொல்லட்டும், நான் ஏறி வரேன். அதுக்கப்பறம் ஒரே ஒரு தடவ யார் மேலயாச்சும் கை நீட்டுனீங்கன்னா, அதோட முடிஞ்சுது. சாவுக்கும் வர மாட்டேன்."

மறுநாள் காலையில் வண்டி என் ஷெட்டில் நின்றது. ரேடியேட்டரைக் கழற்றினோம். உள்ளே அடைத்திருந்த தூசி தண்ணீர் பட்டு இறுகிப் பாதிச் சுவர் கட்டியிருந்தது. அதைக் கழுவவே ஒரு நாள் ஆனது. இரும்பு ஃபேனைக் கழற்றி எறிந்தோம். திருச்சியில் பழைய சாமான் கடையில் ஒரு பெரிய காரில் இருந்து எடுத்த கரண்டு ஃபேன் கிடைத்தது. ரேடியேட்டர் முதுகை முழுசாக மூடும் அகலம். அதற்கு ஒரு ரிலே, ஃபியூஸ், தடித்த வயர், தண்ணீர் சூடானால் தானாக ஃபேனை ஓடவிடும் ஒரு சுவிட்ச். வண்டி ஊர்ந்தாலும் நின்றாலும் அது பாட்டுக்கு முழு வேகத்தில் சுற்றும்.

"சாவிய எடுத்தா ஃபேன் நிக்கிற மாதிரி பண்ணவா?" என்று கேட்டேன்.

"வேணாம். நிறுத்துனப்பறம்தான்டா இது கொதிக்கும். பேட்டரில நேரா குடு. சாவி இல்லாமயும் ஓடணும்."

அதில் தப்பில்லை, புது கார்களில் பலதும் அப்படித்தான். ஆனால் டிராக்டரிலும் பழைய ஜீப்பிலும் தொழில் கற்றவனுக்கு வேதம் ஒன்றுதான்: இன்ஜின் நின்றால் ஃபேன் நிற்கும், நின்றபின் தைரியமாகக் கையை விடலாம். அதனால், "பானட்டத் தொறக்குற ஆளுட்ட சொல்லணும்டா ராஜா, ஒரு சிவப்பு எழுத்தாச்சும் எழுதி ஒட்டுவோம்" என்றேன். "என் பானட்ட எவன்டா தொறப்பான்? கைய ஒடச்சிர மாட்டேன்?" என்றான். நான் சிரித்தேன். எழுதி ஒட்டவில்லை.

உச்சி வெயிலில் லாரிகளுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் ஊர்ந்து பார்த்தோம். முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. ராஜராஜன் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதான். "இனிமே நான் மனுசன்டா மணி" என்றான். எனக்கும் நம்பிக்கை வந்தது. நானும் முட்டாள்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் வேப்பந்தட்டை போனோம். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனோம். பாப்பாயி காபி கொடுத்தார். பரிமளா பையோடு தயாராக இருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு கூட இருந்தது. "தம்பி பாத்துட்டு வரட்டும்" என்றாள். அறிவரசன் வண்டியைப் பார்க்க வெளியே போயிருந்தான். நான் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன். ஃபேனைப் பற்றி அவனிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவன் பானட்டைத் திறந்திருக்கிறான். இன்ஜின் நின்றிருக்கிறது, ஃபேனும் நின்றிருக்கிறது. பெல்ட்டோடு ஓட வேண்டிய ஃபேன் ரேடியேட்டரோடு ஒட்டியிருக்கிறதே என்று கையை விட்டு இறக்கையைத் திருகிப் பார்த்திருக்கிறான். நிறுத்திய இன்ஜினில் சூடு ஏறியது. சுவிட்ச் தன் வேலையைச் செய்தது.

அலறல் கேட்டு நாங்கள் ஓடியபோது வலது கையின் இரண்டு விரல் எலும்பு தெரியக் கிழிந்து தொங்கியது. நடுவிரல் நுனியைக் காணோம். ரேடியேட்டர், பேட்டரி, அவன் வெள்ளைச் சட்டை எல்லாவற்றிலும் ரத்தம் தெறித்திருந்தது. ஃபேன் அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. நான் வயரைப் பிடுங்கினேன்.

தெரு கூடிவிட்டது. "அக்கா கைய ஒடச்சான், இப்ப தம்பி கைய வாங்கிட்டான்" என்று யாரோ சொன்னார்கள். பங்காளிகள் நாலு பேர் ராஜராஜன் மேல் விழுந்தார்கள். ஒருத்தன் விறகுக்கட்டையால் முதுகில் போட்டான். ஒருத்தன் வயிற்றில் உதைத்தான். பாப்பாயி விளக்குமாற்றால் அவன் முகத்தில் மாறி மாறி அடித்தார். அந்த நாலு பேரையும் ஒரு கையால் மடக்கிப் போடக்கூடியவன் அவன். இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு நின்றான். புருவம் பிளந்தது, உதடு கிழிந்தது, கை வெளியே வரவில்லை. நான் பிரமித்து நின்றேன்.

பரிமளா குறுக்கே பாய்ந்தாள். "வுடுங்க. அவரு கை நீட்டல, பாக்குறீங்கல்ல? இது தெரியாம நடந்தது. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவணும்." தம்பியைப் பின்சீட்டில் ஏற்றி, துண்டால் சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு தானும் ஏறினாள். தன் பையையும் உள்ளே எடுத்து வைத்தாள். ராஜராஜன் அதைப் பார்த்தான். நான் வயரை மாட்டிவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்தேன்.

பெரம்பலூர் ரோட்டில் ஒரு கரும்பு டிராக்டர் இரண்டு டிரெய்லரோடு முன்னால் ஊர்ந்தது. முந்த வழியில்லை. பின்னால் அறிவரசன் முனகினான். துண்டு நனைந்து சொட்டியது. ராஜராஜன் மூச்சு பெரிதாக வந்தது.

"ஏன்டா சொல்லல?" என்றான் என்னைப் பார்க்காமல்.

"மறந்துட்டேன்டா."

"மறந்துட்டியா."

எனக்கும் கோபம் உண்டு. "நீதானடா பேட்டரில நேரா குடுக்கச் சொன்ன? எழுதி ஒட்டலாம்னு சொன்னேன்ல?" என்றேன்.

பிரேக்கை மிதித்தான். இறங்கிச் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்து, கழுத்தைப் பிடித்து ரோட்டில் இழுத்துப் போட்டான். முதல் குத்தில் மூக்கு உடைந்தது. விலாவில் மிதித்தான். சீட்டுக்கு அடியில் இருந்து வீல் ஸ்பேனரை எடுத்தான். நான் தலையை மறைத்தேன், முழங்கையில் விழுந்தது. இரண்டாவது தடவை ஓங்கும்போது வண்டிக்குள் இருந்து பரிமளாவின் குரல் கேட்டது. அவள் கத்தவில்லை.

"வண்டி சூடாவலையே."

அவன் ஓங்கியபடியே நின்றான்.

"முள்ளு நடுவுலதானங்க நிக்குது. இங்க வந்து பாருங்க. ஃபேனும் நல்லாத்தான் ஓடுது. இப்ப எதுக்கு அடிச்சீங்க?"

அவன் ஸ்பேனரை இறக்கினான். உள்ளே எட்டி மீட்டரைப் பார்த்தான். நிஜமாகவே பார்த்தான். முள் பாதியில்தான் இருந்தது.

"இத்தன வருசமும் வண்டின்னு நானும் நம்பிட்டேன்" என்றாள். பிறகு என்னிடம், "அண்ணே, எந்திரிக்க முடியுதா? தம்பிக்கு ரத்தம் நிக்கல. வண்டிய எடுங்க."

ஒரு கையால்தான் ஓட்டினேன். அவன் ரோட்டிலேயே நின்றான்.

அறிவரசனுக்கு ஒரு விரல் பிழைத்தது, ஒன்று பிழைக்கவில்லை. இனி அவனால் ஸ்பேனரை இறுக்கிப் பிடிக்க முடியாது. அதில் பாதிப் பாவம் என்னுடையது. வண்டியைப் பாப்பாயி ஆள் வைத்துத் திருப்பி அனுப்பினார். பரிமளா வரவில்லை. இப்போது பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள், கோர்ட்டில் மனு கொடுத்திருக்கிறாள்.

நேற்று ராஜராஜன் ஷெட்டுக்கு வந்தான். தாடியும் அழுக்குமாக இருந்தான். மறுபடி யாரையோ அடித்திருக்கிறான், கைமுட்டி வீங்கியிருந்தது. பானட்டைத் திறந்து காட்டினான்.

"இத கழட்டிட்டுப் பழைய ஃபேனையே மாட்டிக் குடுடா மணி. இந்தச் சனியன் வந்ததுலேர்ந்துதான் எல்லாம் கெட்டுச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாட்ட மாட்டேன். அடிக்கணும்னா அடிச்சுக்க. இந்த வண்டி இனிமே கொதிக்காது. நீ எவன அடிச்சாலும் நீயாத்தான் அடிக்கிற."

அவன் கை மேலே போனது. நான் நகரவில்லை. அடிக்கவில்லை, இறக்கினான். திறந்து கிடந்த பானட்டுக்குள் குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான், பழி போட வேறு ஏதாவது அகப்படுமா என்று.