பெத்த உடம்புக்கு

வளையல்கள் தானாகக் கழன்று விழத் தொடங்கிய நாட்களில்தான் அன்னபாக்கியத்தின் வயிறும் பெருத்தது. கை மெலிகிறது, பாவாடை நாடா மட்டும் இடுப்புக்கு எட்டவில்லை. "வாயு லா," என்றார் பள்ளிக் கேண்டீனில் கூடச் சமைப்பவர்களிடம். "சோத்தப் பாத்தாலே வயிறு நெறஞ்சிடுது." உள்ளங்கை மருதாணி வைத்ததுபோல் சிவந்திருந்தது. உடம்பெல்லாம் அரிப்பு. பல் துலக்கினால் ஈறில் ரத்தம். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது: அடுப்புச் சூடு, குளிக்கிற புதுச் சவர்க்காரம், சொத்தைப் பல். கண் மஞ்சளித்த பிறகுதான் மகள் தர்மினி வேலைக்கு விடுப்பு எடுத்து, மகன் ஷர்வினைப் பள்ளியில் விட்டுவிட்டு, அவரை ஈப்போ நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். அப்பா ராமையா காரின் பின் இருக்கையில் ஏறிக்கொண்டார்.

டாக்டர் சுரேன் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். கால் வீக்கத்தில் விரலை அழுத்தி, விழுந்த பள்ளம் மெல்ல நிரம்புவதைப் பார்த்தார். மார்பில் சிலந்திக்கால் போல் பரவிய சிவப்புப் புள்ளிகளைப் பார்த்த பிறகு கேட்டார்.

"குடிப் பழக்கம் இருக்காம்மா?"

பாக்கியம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்கா? இந்த மனுசனோட பாட்டிலெல்லாம் ஒடச்சவ டாக்டர் நான்."

மூவரும் ராமையாவைப் பார்த்தார்கள்.

"குடிச்சது அப்பா, ஈரல் கெட்டது அம்மாவுக்கு," என்றாள் தர்மினி. "நல்லாருக்கு லா நியாயம்."

பாக்கியம் சொன்னது பொய்யில்லை. பத்து காஜா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருவரும் பால்மரம் வெட்டிய காலத்தில், ராமையாவைச் சாராயக் கடை வாசலில் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தவர் அவர். தோட்டம் கைமாறி, ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது வேலை போய், ஈப்போவின் புந்தோங் பகுதிக்குக் குடிவந்தார்கள். அங்கேயும் வாசல் கால்வாயில் அவர் பாட்டிலைக் கவிழ்ப்பதை அக்கம்பக்கம் பார்த்திருக்கிறது. தர்மினி இடைநிலைப் பள்ளியில் படிக்கும்போது ராமையா மோட்டார் சைக்கிளோடு விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதோடு விட்டவர்தான். பாக்கியத்தின் பேச்சுக்குக் கோயில் மாதர் குழுவில் மரியாதை வந்ததும் அதனால்தான். புருஷன் குடிக்கிறான் என்று எந்தப் பெண் அழுதாலும் அவரிடம்தான் அனுப்புவார்கள்.

ஆனால் ராமையாவுக்கு இன்னொன்றும் தெரியும். தர்மினி பிறந்தபோது, தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாருக்கும் கொடுப்பதுபோல, பாக்கியத்துக்கும் கறுப்பு பீரில் முட்டை அடித்துக் கொடுத்தார்கள். பெத்த உடம்புக்கு ரத்தம் ஊறும், வாயு அண்டாது என்பார்கள். இஞ்சிச் சாற்றில் பிராந்தியும் உண்டு. மற்ற பெண்கள் தீட்டுக் கழிந்ததும் நிறுத்திவிட்டார்கள். பாக்கியம் மறுபடி பால்மரம் வெட்டப் போனார். மழையில் நனைந்து வந்த இரவுகளில் இடுப்பு விட்டுப் போகும். ஒரு மூடி பிராந்தி குடித்தால் தூக்கம் வரும். மூடி எப்போது கிளாஸ் ஆனது என்று ராமையாவுக்குத் தெரியாது. அந்த வருஷங்களில் அவரே குடித்து நினைவில்லாமல் கிடந்தவர். அவர் விட்ட பிறகும் பாக்கியத்தின் ‘மருந்து’, தைலத்தோடு அலமாரியில் இருந்தது. அதை வீட்டில் யாரும் வேறு பெயர் சொல்லி அழைத்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டுப் பார்த்தார். "அந்த மருந்த நிறுத்தினா என்ன, பாக்கியம்?"

"யாரு சொல்றது பாரு," என்றார் அவர். "நான் என்ன ரோட்டுல விழுந்து கெடந்தேனா?"

ரோட்டில் விழுந்து கிடந்தவர் ராமையாதான். வேறு யார் அப்படிக் கேட்டிருந்தாலும் அவர் பதில் சொல்லியிருக்கலாம்.

மஞ்சள்காமாலைக் கிருமி இல்லை என்று ரத்தப் பரிசோதனை சொன்னது. உப்பைக் குறைக்கச் சொல்லி, நீர் பிரிய மாத்திரை கொடுத்தார்கள். வயிறு வற்றவில்லை. பாக்கியம் பகலில் தூங்கி, இரவில் விழித்திருந்தார். ஒரு காலையில் உலை கொதிக்க, கையில் அரிசியோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். ராமையாவைப் பார்த்து, "பெரட்டுக்கு நேரமாச்சு, மணியடிச்சிட்டாங்களா?" என்று கேட்டார். தோட்டத்தில் ஆள்கணக்கு எடுக்கும் மணி. ராமையா அடுப்பை அணைத்துவிட்டு மகளுக்குப் போன் செய்தார்.

வார்டில் டாக்டர் பாக்கியத்தின் கைகளை நீட்டச் சொன்னார். மணிக்கட்டு சிறகடிப்பதுபோல் விழுந்து விழுந்து எழுந்தது. "ஈரல் கழிக்க வேண்டிய நஞ்சு மூளைக்குப் போகுது. வேற ஏதாவது சாப்பிடறாங்களா? நாட்டு மருந்து?"

ராமையா சொல்லிவிட்டார். பிராந்தி, தினமும், தர்மினி பிறந்ததிலிருந்து.

"பழிய அம்மா மேல போடாதீங்கப்பா," என்றாள் தர்மினி. குரல் உயரவில்லை. "அவங்களுக்கு நினைவில்லாத நேரம் பாத்து."

அதன் பிறகு அவள் தாயைப் பார்க்க வந்தால், ராமையா எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவார்.

பேதி மருந்து கொடுத்து வயிறு கழிந்த பின் பாக்கியத்துக்குத் தெளிவு வந்தது. டாக்டர் வந்து நேரடியாகவே கேட்டார். "ஐயா சொல்றது உண்மையாம்மா? இனிமேலும் அது உள்ள போனா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது."

தர்மினி கட்டிலருகே நின்றாள். ராமையா வாசலில் நின்றார். பாக்கியம் இருவரையும் பார்த்தார். தன்னிடம் அனுப்பப்பட்ட பெண்கள் எல்லாருக்கும் இது தெரியவரும் என்று நினைத்திருக்கலாம்.

"மருந்துன்னுதான் குடிச்சேன்."

"எவ்ளோம்மா?"

"வலி எவ்ளோ இருக்கோ அவ்ளோ."

"இதுக்குப் பேரு குடின்னுதான் எழுதணும்."

"எழுதிக்குங்க. அவரு பொய் சொல்லல."

தர்மினி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். வாசலை அவள் பார்க்கவில்லை. "ஷர்வின் பொறந்தப்ப எனக்கும் அந்த மருந்தக் குடுத்தீங்களேமா," என்றாள்.

"நாத்தம் புடிக்கலன்னு நீ தள்ளி வச்சிட்ட," என்றார் பாக்கியம். "வீணாப் போகுதேன்னு அதையும் நாந்தான் குடிச்சேன்."