குத்து இருக்கு, வாங்க

மாசாயில் எங்கள் வரிசை வீட்டின் முன்னால், மற்றவர்கள் கார் நிறுத்தும் இடத்தில், நான் அலுமினியம் உருக்கிக்கொண்டிருப்பேன். கார் பாவம், ரோட்டோரம் வெயிலில் நிற்கும். பாசிர் கூடாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு பிடித்த பைத்தியம் இது. அங்கே என் வேலை, ஒரு சின்னத் தகட்டில் ஒரு சின்னத் துண்டைப் பொருத்துவது. அந்தத் தகடு டிவிக்குள் போனதா, வாஷிங் மெஷினுக்குள் போனதா, கடைசிவரை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இங்கேயோ மோட்டார் சைக்கிள் கடையில் கழித்துப்போட்ட எஞ்சின் மூடியை உருக்கி ஊற்றி, ஆறியபின் மணலைப் பிரித்தால் ஒரு கதவுக் கைப்பிடி முழுசாக உள்ளே கிடக்கும். முதல் தடவை அதைப் பார்த்ததும் கையைத் தட்டிக்கொண்டு குதித்தேன். இப்போதும் ஒவ்வொரு தடவையும் குதிக்கிறேன். அந்தச் சந்தோஷத்துக்கு வயது ஏறுவதே இல்லை.

உருக்குவதுதான் கஷ்டம் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். நெருப்பு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். கஷ்டம் எல்லாம் மணலில் இருக்கிறது. அடியில்லாத மரச்சட்டத்துக்குள் மாதிரிப் பொருளை வைத்து, களிமண் கலந்த ஈர மணலைக் கொட்டி, இறுக இறுகக் குத்த வேண்டும். இறுகாத மணல், உலோகம் உள்ளே போனதும் பொலபொலவென்று இடிந்து விழும். குத்துவதற்கு ஒரு மரக்கட்டை வைத்திருக்கிறேன். அதற்குக் குத்துக்கட்டை என்று பெயர் வைத்து, நாளடைவில் அந்த வேலைக்கே எங்கள் வீட்டில் ‘குத்து’ என்று பெயராகிவிட்டது. “இன்னைக்குக் குத்து இருக்கு” என்று நான் சொன்னால் அன்றைய சமையல் என் வீட்டுக்காரர் பொறுப்பு.

குத்திக் குத்தி என் வலது தோள் போனது. பின்னல் போடக் கை மேலே ஏறாது. கொடியில் துணி போட ஆள் தேட வேண்டும். நானும் சும்மா இருக்கவில்லை. தரையில் குந்தி உட்கார்ந்து குத்துவதை விட்டுவிட்டு, மேசையை இடுப்பு உயரத்துக்கு ஏற்றினேன். கட்டையை இறுக்கிப் பிடிக்காமல், அதன் கனத்தில் அதுவே விழட்டும் என்று தளர்வாகப் பிடிக்கப் பழகினேன். மணலை மொத்தமாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன். இடக்கைக்கு மாற்றிப் பார்த்தேன். கட்டை மணலில் விழுந்ததைவிட என் விரலில் விழுந்ததுதான் அதிகம். சின்னச் சாமான்களுக்கு இந்த வித்தையெல்லாம் போதுமாக இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் தோளுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண், கையை ஓங்கிச் செய்கிற வேலை இனி ஆகவே ஆகாது என்று சொல்லிவிட்டாள். நான் நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டுவதில் எனக்குத் தொழிற்சாலை அனுபவம் உண்டு.

வீட்டுக்காரர் தினமும் மோட்டாரில் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்குப் போய் வேலை பார்த்துவிட்டு வருகிறவர். அலுத்துக் களைத்து வந்தாலும் என் தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். தேய்க்கும்போது ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒருநாள் பேசினார்.

“இன்னொரு தடவ தோளு வலிக்குதுன்னு உன் வாயில வரட்டும், மறுநாளே அந்த உலைய பழைய இரும்புக்காரன்கிட்ட தூக்கிக் குடுத்துருவேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் நிதானமாகச் சொன்னார், அதனால்தான் பயந்துபோனேன். அவர் சொன்னால் செய்கிற ஆள். அந்த உலை போனால் என்னிடம் என்ன மிச்சம் என்று யோசித்துப் பார்த்தேன். டிவியும் துணி துவைப்பதும்தான் மிச்சம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் என்னால் அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை, என் வலியைப் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்பவர் அவர்தானே. சரி என்று ஒத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தானா தங்காக்கில் இருக்கிற என் தங்கச்சியின் தையல் மெஷின் உடைய வேண்டும்? அவள் அங்கே ஜவுளிக்கடைகளுக்குப் பக்கத்தில் ரவிக்கை தைக்கிறாள். கடை மாற்றும்போது லாரியிலிருந்து இறக்கிய ஆள் கைநழுவ விட்டதில், காலால் மிதிக்கிற இரும்புப் பலகை இரண்டாகப் பிளந்துவிட்டது. கரண்டு மெஷின் வாங்கித் தருகிறேன் என்று அவள் மகள் சொன்னதற்கு, அதில் உட்கார்ந்தால் துணி தன்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது என்று மறுத்துவிட்டாள். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. போனில் அவள் புலம்பலைக் கேட்கப் பொறுக்காமல், நான் ஊற்றித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

உடைந்த மிதிபலகை பஸ்ஸில் வந்து சேர்ந்தது. கையில் வாங்கியதும்தான் எனக்கு உறைத்தது. கதவுக் கைப்பிடி எங்கே, இது எங்கே! முறம் அகலம், நடுவில் பூப்பூவாக ஓட்டைகள். இரண்டு துண்டையும் ஒட்டவைத்து மாதிரியாக்கி, அதற்குத் தகுந்த சட்டம் அடித்தபோது அது ஒரு சாப்பாட்டு மேசையில் பாதி வந்துவிட்டது. மேல் சட்டம், கீழ் சட்டம் என்று இரண்டு. இத்தனை மணலையும் நான் ஒருத்தியாகக் குத்தினால் அன்றைக்கே தோள் கழன்று விழும், உலை லாரி ஏறும். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

எங்கள் வரிசையில் இருக்கும் தமிழ்ப் பெண்களுக்கு ஒரு வாட்சப் குழு உண்டு. தண்ணீர் வராத நாள், கோயில் பூஜை, யார் வீட்டு நாய் யாரைத் துரத்தியது, எல்லாம் அதில் வரும். கூச்சப்பட்டுக்கொண்டே அதில் எழுதினேன்: “ஞாயித்துக்கிழமை காலையில நம்ம வீட்டுல குத்து இருக்கு. முடிஞ்சவங்க வாங்க. பழைய துணி போட்டுக்கிட்டு வாங்க.”

அனுப்பிவிட்டு, யார் வரப்போகிறார்கள் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். திருப்பினால் கைதட்டலும் நெருப்புப் படமும் பொம்மைகளுமாகக் குவிந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, எத்தனை நாளாகக் காத்துக்கொண்டிருந்தோம், இப்பவாவது உனக்குத் தோன்றியதே என்று எழுதியிருந்தார். மணல் குத்துவதற்கு மாசாயில் இவ்வளவு ஆசை அடைந்து கிடக்கிறதா என்று நெகிழ்ந்துபோய் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு ஒரு மாதிரி பார்த்தார்.

ஞாயிறு காலை நான் மணலைச் சலித்து, மாதிரிமேல் போட்டு, பூ ஓட்டைகளுக்குள் விரலால் அழுத்திக்கொண்டிருந்தேன். இது மட்டும் கையால்தான் செய்ய வேண்டும், ஆனால் வலிக்காத வேலை. வாசலில் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். ஆறு பெண்கள் நிற்கிறார்கள். பளபளவென்று கால்சட்டை, டீ சட்டை, தலையில் பட்டை, கழுத்தில் துண்டு, கையில் தண்ணீர் போத்தல். ஒருத்தி காலில் சலங்கையே கட்டியிருந்தாள். அவர்களில் ஒருவரான பக்கத்து வீட்டு அக்கா, தூக்க முடியாமல் ஒரு ஸ்பீக்கரைச் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு வந்தார். என் மூக்கு வரைக்கும் கரி மணல்.

அக்கா என்னைப் பார்த்தார், சட்டத்தைப் பார்த்தார், குத்துக்கட்டையைப் பார்த்தார்.

“பாட்டு எங்க?”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இவர்கள் எல்லாரும் குத்தாட்டம் ஆட வந்திருக்கிறார்கள்! கல்யாண வீட்டில் தட்டு வைத்ததும் சாப்பிடாமல் ஆடப்போகிற கூட்டம் இது, குத்து என்றால் வேறென்ன நினைக்கும்? நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சலங்கைக்காரி சுவரில் சாய்ந்துவிட்டாள். ஒருத்தி சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரையேறியது. எனக்கும் வயிறு வலித்தது. சிரிப்புக்கு நடுவிலும் உள்ளே ஒரு பயம், இவர்கள் இப்படியே திரும்பிப் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று. தோளைப் பற்றி, உலையைப் பற்றி, வீட்டுக்காரர் சொன்னதைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அக்கா செருப்பைக் கழற்றினார்.

“குத்து குத்துதானே? கையால குத்துனா என்னா, காலால குத்துனா என்னா? இறங்கட்டுமா சொல்லு லா.”

மிதிக்காதீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். மாதிரி அடியில் பலகைமேல் தட்டையாகப் படுத்திருக்கிறது. அதன்மேல் நல்ல கனமாக மணலைப் போட்டால் கால் அதைத் தொடவே தொடாது. மேசையில் வைத்துக் கையால் குத்துவது பற்றியே இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேனே தவிர, ஓர் ஆள் கனம் முழுவதும் சும்மா நின்றுகொண்டிருப்பது என் கண்ணில் படவே இல்லை. சட்டத்தைத் தரையில் இறக்கினோம். கால் கழுவித் துடைத்துக்கொண்டு இரண்டிரண்டு பேராக ஏறினார்கள்.

முதல் பாட்டு உதவவில்லை. அது இடையிடையே வேகம் பிடித்ததால் ஓரிடம் கல்லாக இறுகி, இன்னோர் இடம் பஞ்சாகக் கிடந்தது. மணலைக் கிளறிவிட்டு, சீராக அடிக்கிற உறுமி மேளம் போடச் சொன்னேன். அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே! முதலில் ஓரம் சுற்றிக் குதிகாலால், பிறகு நடுவில் முன்பாதத்தால். மேளம் ஒரு சுற்று முடிந்ததும் நான் கையைத் தூக்குவேன், இடது கையைத்தான், அவர்கள் இறங்குவார்கள், மணல் போடுவேன், அடுத்த ஜோடி ஏறும். நானும் ஏறி ஆடினேன். கை இரண்டும் சும்மா தொங்கிக்கொண்டிருக்க, மணல் என் காலடியில் இறுகுவது தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்து, அலமாக் என்று வாயைப் பிளந்து, திரும்பிப் போய் ஒரு தட்டு கறிபாப் பலகாரத்தோடு வந்தார். அவரும் ஒரு சுற்று மிதித்தார்.

மேளச் சத்தத்தில் வீட்டுக்காரர் எழுந்து கைலியோடு வந்து நின்றார். தன் வீட்டு வாசலில் ஒரு பெட்டிக்குள் பெண்கள் ஆடிக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் என் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன், பாருங்கள், கட்டையை நான் தொடவே இல்லை என்று. சட்டத்தைப் புரட்ட வேண்டிய நேரம் வந்தபோது, யாரும் கூப்பிடாமலேயே ஒரு முனையைப் பிடித்தார். மேலும் கீழும் பலகை வைத்துக் கயிற்றால் கட்டி, பழைய கார் டயர்மேல் சாய்த்து உருட்டியதில், அந்தக் கனம் குழந்தை புரண்டு படுப்பது மாதிரி புரண்டது. மேல் சட்டத்தையும் அப்படியே மிதித்து முடித்து, இரண்டையும் பிரித்து மாதிரியை வெளியே எடுத்தோம். காற்றுப் போவதற்கு ஈர்க்குச்சியால் துளை குத்தியது அக்கா.

ஊற்றும்போது எல்லாரையும் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டேன். பூட்ஸ், கையுறை, முகமூடியோடு நான் ஒருபக்கம், வீட்டுக்காரர் ஒருபக்கம், நீளக் குறட்டால், உருகிய அலுமினியம் இருந்த மூசையைத் தூக்கிச் சாய்த்தோம். புகை கிளம்பியது. அது ஆறும்வரை டீயும் கறிபாப்பும். பிறகு மணலை உடைத்தேன். ஒரு மூலை கொஞ்சம் சொரசொரப்பு, மற்றபடி அத்தனை பூவும் முழுசாக வந்திருந்தது. ஏழு பெண்களும் ஒரு மக்சிக்கும் சேர்ந்து குதித்ததில் தெருக்கோடி நாய் குரைத்தது. தங்கச்சிக்கு வீடியோவில் காட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என் ஒரு காலுக்கு இத்தன பேரு காலா?” என்றாள்.

மறுநாள் விடிந்ததும் கண்ணைத் திறந்தேன், ஆனால் அசையவில்லை. வீட்டுக்காரரும் வேலைக்குக் கிளம்பாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் எதைப் பார்க்கிறோம் என்று தெரியும். மெதுவாக வலது கையைத் தூக்கினேன். தோளில் எப்போதும் இருக்கிற இறுக்கம் மட்டும்தான் இருந்தது, புது வலி இல்லை. எனக்குச் சிரிப்புப் பொங்கியது. துள்ளி எழுந்திருக்கப் போனேன், கெண்டைக்கால் இரண்டும் பிடித்துக்கொண்டு ஐயோ அம்மா என்று கட்டிலிலேயே விழுந்தேன். தொடை, பாதம், குதிகால், ஒன்று பாக்கியில்லை. அந்தச் சத்தம் வாயிலிருந்து வந்ததும் என் சிரிப்பு நின்றது. உலை போயிற்று என்றே நினைத்தேன்.

அவர் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து, என் காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் தோளத்தானே சொன்னேன்” என்றார். “காலப் பத்தி ஒண்ணும் சொல்லலையே.”