ஒரு முழ மீன்

மீன்கள் சீக்கிரம் வளர வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது தவறா? ஒரு வாரமாக இதே யோசனைதான்.

போர்ட் பிளேரில் எங்கள் மொட்டை மாடியில் மீன்தொட்டியும், அதன் மேல் அந்தத் தண்ணீரிலேயே வளரும் கீரைத் தட்டும் வைத்தவர் என் கணவர். கப்பல் வேலைக்குக் கிளம்பும்போது விரல் நீள ஜிலேபி மீன்களைக் காட்டி, "இது உன் கைக்கு ஒரு முழம் வளர்றதுக்குள்ள அப்பா வந்துருவேன்டா" என்று நான்கு வயது மகளிடம் சொன்னார்.

அவர் போன சில நாட்களில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. தண்ணீரில் காற்று போதவில்லை என்று படித்தேன். மோட்டார் ஏற்றும் தண்ணீர் தட்டிலிருந்து திரும்ப இறங்கும் குழாயை உயர்த்தி, முனையில் ஓட்டை போட்ட பாட்டிலைச் செருகினேன். தண்ணீர் மழையாய்க் கொட்டியது. மீன்கள் போட்டதையெல்லாம் தின்று மளமளவென வளர்ந்தன. அவரையே கரைக்கு இழுப்பதுபோல் எனக்கு ஒரு சந்தோஷம்.

போன வாரம் மகள் வலையில் பிடித்த மீனருகே கையை நீட்டினாள். "அம்மா, ஹோ கயா! முழம் வந்துடுச்சு!" என்று வாசலுக்கு ஓடினாள்.

போனில் அவர், "எனக்குப் பதிலா வர வேண்டிய ரிலீவர் வரலம்மா, இன்னும் ரெண்டு மாசம் ஆகும். உன்னை யாரு இவ்ளோ வேகமா வளர்க்கச் சொன்னா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று பாட்டிலைக் கழற்றினேன். மீன்கள் மறுபடி வாயைப் பிளக்கவும் திரும்பச் செருகிவிட்டேன். மகள் தினமும் வாசலில் நிற்கிறாள். அவளுக்கு இனி எதைக் காட்டிக் காத்திருக்கச் சொல்வது? தெரிந்தவர்கள் எழுதுங்களேன்.