திரை விலகவே இல்லை

எண்ணூர் கம்பெனியில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர் பயிற்சிக்காக ஜப்பான் போயிருந்தபோது, அங்கே ரொம்பப் பழைய ஷின்டோ கோயில் ஒன்றிலிருந்து வீடியோ கால் போட்டார். திருவொற்றியூரில் நான் தலைக்குக் குளித்துவிட்டு, போனைச் சாமி படத்தோடு சாய்த்து வைத்து, கற்பூரத் தட்டோடு நின்றேன். சன்னதியில் திரை போட்டிருந்தது. அலங்காரம் நடக்குதுபோல, திரை விலகினதும் ஏற்றலாம் என்று தீப்பெட்டியும் கையுமாகக் காத்திருந்தேன். சோறு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. திரை அசையவே இல்லை.

"எப்பய்யா தெறப்பாங்க?"

கூட இருந்த ஜப்பான்காரரிடம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தெறக்கவே மாட்டாங்களாம். உள்ள மொகம் பாக்குற கண்ணாடி ஒண்ணு கீதாம், அதான் சாமியாம். பட்டுல சுத்திப் பொட்டில வச்சிகிறாங்களாம். பூசாரியே பாத்ததில்லன்றாராம்."

எனக்கு வந்ததே கோபம்! "பாக்க முடியாத சாமிய இன்னாத்துக்குய்யா வச்சிகினு கீறாங்க? சோறு தீஞ்சதுதான் மிச்சம்!"

கார்த்திகைக்கு அவர் திரும்பி வந்துவிட்டார். வருஷம் முழுக்கக் கவசத்துக்குள் இருக்கும் எங்கள் ஊர் லிங்கத்தை அப்போதுதான் கவசமில்லாமல் காட்டுவார்கள்.

"இங்கயாவது கண்ணால பாக்கலாம், வாய்யா" என்று இழுத்துக்கொண்டு போனேன். வரிசையில் இடிபட்டு, மிதிபட்டு, ஒருவழியாகச் சன்னதிக்கு வந்தோம். மணி அடித்தது. தீபாராதனை காட்டினார்கள். கை தானாகக் குவிந்தது, கண் தானாக மூடிக்கொண்டது. திறப்பதற்குள் "நவுரும்மா, நவுரு" என்று தள்ளிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அவர் கேட்டார்: "நல்லா பாத்தியா?"

"பாத்தேன்" என்றேன்.

அந்த ஜப்பான் பூசாரியாவது பார்க்கவில்லை என்று உண்மையைச் சொன்னார்.