ஒரு கை மட்டும் பச்சை

பீடியை விட்டவனின் கைக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சும்மா விட்டால் அது தானாகச் சட்டைப்பைக்குள் போய்த் துழாவும். ரயில்வே கேட்டில் வேலை பார்த்த அந்த மனிதர் பின்னல் ஊசியைப் பிடித்தது அதனால்தான். ஒரு ரயில் போனால் அடுத்தது வர ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் பத்து வரிசை பின்னிவிடுவார். ஆம்பளை ஸ்வெட்டர் பின்னுகிறானே என்று லாரிக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்களில் ஒருத்தனுக்காவது கழுத்துப்பட்டை பின்னத் தெரியுமா?

தண்டவாளத்தை ஒட்டி ஓர் அறையும் ஒரு சமையலறையும், அதுதான் கேட்காரரின் வீடு. வேலை இருக்கிறவரைதான் அந்த வீடும். அவரும் மனைவியும் அங்கே பதினேழு வருடம் இருந்தார்கள்.

அந்த வருடம் தன் அக்காவுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னினார். செங்கல் நிறக் கம்பளி. உடம்பும் ஒரு கையும் முடிந்தபோது நூல் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போய் இரண்டு உருண்டை வாங்கிவந்து மற்றக் கையையும் முடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வந்து போட்டுப் பார்த்தாள்.

"டேய் தம்பி, என்னடா கூத்து இது?"

"ஏங்க்கா, தோள்பட்டை இறுக்குதா?"

"தோள்பட்டை கிடக்கட்டும். ஒரு கை சிவப்பு, ஒரு கை பச்சை. என்னைப் பார்த்தா கிளி மாதிரியா இருக்கு?"

கேட்காரர் சிரித்தார். அக்கா எப்போதும் இப்படித்தான், வாயைத் திறந்தால் கிண்டல். ஆனால் அவள் சிரிக்கவில்லை. அவர் இரண்டு கைகளையும் பார்த்தார். அக்காவைச் சன்னல் பக்கம் திருப்பி வெயிலில் பார்த்தார். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

"மாத்திக் கொடுத்துடறேன்க்கா," என்றார்.

குற்றம் நூல் கடைக்காரர்மேல்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டு மறுநாளே கிளம்பினார். மனிதன் பயந்தால் முதலில் அடுத்தவன் சட்டையைத்தான் பிடிப்பான். கடைக்காரர் ஸ்வெட்டரை விரித்துப் பார்த்தார்.

"நானா கொடுத்தேன்? மாதிரி நூலைக் கொண்டுவந்து, பக்கத்துல வச்சு வச்சுப் பார்த்து நீங்களேதானே எடுத்தீங்க? அது பாசிப் பச்சைன்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே!"

கேட்காரர் ஸ்வெட்டரை மடித்தார். "இந்தச் சிவப்புல இன்னும் ரெண்டு உருண்டை, நீங்களே எடுத்துக் கொடுங்க" என்று மட்டும் சொன்னார். அதை வலது பையிலும் கொண்டுபோயிருந்த மிச்சப் பச்சையை இடது பையிலும் போட்டுக்கொண்டு வந்தார். வழியில் காய்கறி வண்டியில் பழுத்த மிளகாயும் காயும் கலந்து கிடந்தன. நின்று பார்த்தார். எல்லாம் ஒரே மங்கல். மூன்று வருடத்துக்கு முன்னால் கண் பரிசோதனையில் எல்லாம் சரியாகச் சொன்னவர்தான். அந்தப் பார்வை எப்போது போனதென்றே தெரியாமல் போயிருந்தது.

இத்தனை நாள் ரயில் எப்படிப் போனது? யோசித்துப் பார்த்தார். சிக்னலில் எந்த விளக்கு மேலே, எந்த விளக்கு கீழே என்று இடத்தை வைத்தே பார்த்திருக்கிறார். கொடிகளும் அப்படித்தான். இடது கொக்கியில் சிவப்பு, வலது கொக்கியில் பச்சை. பதினேழு வருடமாகக் கை போய் எடுத்ததே தவிர, கண் பார்த்து எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கையைப் பிரிக்க ஆரம்பித்தார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க பிரிக்கிறீங்க? பத்து நாளா பச்சையில பின்னுறதைப் பார்த்துட்டு, ஏதோ டிசைன் போடுறீங்கன்னுல்ல இருந்தேன்?"

"டிசைன்தான். அக்காவுக்குப் பிடிக்கல."

பொய்தான். உங்களிடம் நான் மறைக்க மாட்டேன். வேலை போனால் வீடு போகும், வீடு போனால் எங்கே போய் நிற்பது என்ற பயம் சொல்லவைத்த பொய். புது நூலின் நுனியில் ஒரு முடிச்சும் பச்சை நூலின் நுனியில் இரண்டு முடிச்சும் போட்டுவைத்தார். முடிச்சைத் தடவித் தடவியே கையை மறுபடி பின்னினார். நூலுக்கு முடிச்சுப் போடலாம். சிக்னலுக்கு என்ன போடுவது? தண்டவாளம் லேசாக அதிர்ந்தாலே ஊசியைக் கீழே வைத்தார்.

புதன்கிழமை மத்தியானம் போன் அடித்தது. ரயில் பக்கத்து ஸ்டேஷனைத் தாண்டிவிட்டது என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். கேட்காரர் கேட்டை மூடிப் பூட்டினார். கொடி எடுக்க உள்ளே போனார். கொக்கி இரண்டும் காலி. கொடிகள் மேசைமேல் மடித்துக் கிடந்தன.

"ஒரே கரியா இருந்துச்சு, துவைச்சுப் போட்டேன்," என்றாள் மனைவி, வெளியே பாத்திரம் கழுவிக்கொண்டே.

இரண்டையும் அள்ளிக்கொண்டு தண்டவாளத்துக்கு ஓடினார். ஒன்றை விரித்தார். மங்கல். மற்றதை விரித்தார். அதுவும் அதே மங்கல். எதைக் காட்டுவது? பச்சை என்று நினைத்துச் சிவப்பைக் காட்டினால் ரயில் நின்றுபோகும், அவ்வளவுதான். இன்றைக்கு அதோடு போகும். என்றைக்காவது தண்டவாளத்தில் லாரி மாட்டிக்கொண்டு, சிவப்பு என்று நினைத்துப் பச்சையைக் காட்டினால்? வளைவில் ரயில் கூவியது. கேட்டுக்கு அந்தப் பக்கம் பால்காரர் சைக்கிளோடு நின்று வேடிக்கை பார்த்தார்.

"எது பச்சை?" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார் கேட்காரர்.

"என்னங்க விளையாட்டு இது?"

"சொல்லுடி! எது பச்சை?"

அந்தக் குரலைக் கேட்டு அவள் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "இடது கையில! இடது கையில இருக்கறது!"

இடது கையை நீட்டினார். ரயில் தடதடவென்று போனது. பெட்டி பெட்டியாகச் சன்னல்கள். ஒவ்வொரு சன்னலிலும் ஒரு முகம். அந்த முகங்களைத்தான் அவர் பார்த்தார்.

கடைசிப் பெட்டி போனதும் மனைவி அவர் முழங்கையைப் பிடித்தாள். "அது டிசைன் இல்லை. அப்படித்தானே?"

ஆமாம் என்று அவர் தலையை ஆட்டினார். அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "யாருக்கும் தெரிய வேணாம். ஒவ்வொரு வண்டிக்கும் நான் பக்கத்துல நின்னு சொல்றேன்."

"நீ காய்ச்சல்ல படுத்துட்டா?"

"படுக்க மாட்டேன்."

"ஏ, உனக்குப் பைத்தியமா?"

"வீட்டை விட்டுத் துரத்துவாங்களே, அப்ப யாருக்குங்க பைத்தியம் பிடிக்கும்?"

அவளுக்கும் அதே பயம்தான், வேறு வழியாகப் போனது, அவ்வளவே. அவர் உள்ளே போய்ப் போனை எடுத்தார்.

"சார், எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியல."

ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டார்: "எத்தனை நாளா?"

"அது தெரியல சார். அதுதான் பயமா இருக்கு."

"கேட்டு மூடியிருக்கா?"

"மூடியிருக்கு சார்."

"திறக்காதே. யார் என்ன சொன்னாலும் திறக்காதே. வேற ஆள் வருவார்."

வேறு ஆள் சைக்கிளில் வந்துசேர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஹாரன் காதைக் கிழித்தது. "யோவ், ரயில் போய் எவ்வளவு நேரமாச்சு, தூங்கிட்டியா?" என்று ஒரு லாரிக்காரர் இறங்கிவந்தே கத்தினார். பால் கெட்டுப்போகும் என்று பால்காரர் கெஞ்சினார். கேட்காரர் சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு நின்றார். திறக்கவில்லை.